நாலு நாள் என்று எழுதிய வலி

புதிதாக வந்திருக்கும் தங்கைகளே,

மருந்து அலமாரியின் சாவி எங்கே இருக்கும், எந்தப் புட்டி எந்தத் தட்டில், சாத்தூர் ஸ்டேஷனிலிருந்து மருந்துப் பெட்டி ஏற்றிய வண்டி எந்தக் கிழமை வரும், தண்ணீரை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்பதையெல்லாம் தனித்தாளில் பதினேழு வரிகளாக எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதைப் படித்தாலே இந்த மருந்தகத்தை நடத்திவிடலாம். இந்தத் தாள்களில் இருப்பது பதினெட்டாவது வரி. அதையும் ஒரே வரியாக எழுதிப் பார்த்தேன். "இடுப்புவலி என்று வருபவளிடம் எத்தனை நாளாக வலி என்று கவனமாகக் கேட்கவும்" என்று வந்தது. படித்தால் ஒன்றும் விளங்காது. நான் வேலைக்கு வந்த நாளில் யாராவது எனக்கு இப்படி எழுதித் தந்திருந்தால் "சரி" என்று தலையாட்டிவிட்டு, செய்த தவறையே செய்திருப்பேன். அதனால் நீட்டி எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெறும் வயதல்ல. கல்யாணமாகிக் கொழும்புக்குப் போகிறேன். அங்கே மறுபடி இந்த நர்ஸ் வேலை கிடைக்குமா என்று தெரியாது. எனவே ஓய்வு பெற்றவளைப் போலவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நமக்கு ஆறு கட்டில். ராஜபாளையத்தில் கட்டில் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தவர்களைப் பார்த்து மருந்து கொடுப்பதோடு சரி. பெரிய டாக்டரம்மா இரண்டு ஊருக்கும் மாட்டு வண்டியில் போய் வருவார். அவர் அங்கே இருக்கும் நாட்களில் இங்கே யாரைக் கட்டிலில் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பது என் பொறுப்பு. சென்னையில் இரண்டு வருடம் படித்துப் பரீட்சை தேறி வந்தவள் என்பதால் அது எனக்குப் பாரமாகத் தோன்றவில்லை.

பட்டியல் போடுவது என் பழக்கம். வீட்டில் சின்ன வயதில் கோழிகளைக்கூட நிறவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். இங்கே வந்த மூன்றாம் வருடம், பதிவேட்டைப் புரட்டி இடுப்புவலி என்று வந்த பெண்களை மட்டும் தனியே எழுதினேன். நம் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு: பெயர், ஊர், நோய், எத்தனை நாளாக, முடிவு. முடிவு என்ற கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றைத்தான் எழுதலாம்: குணம், குறைவு, விலகினார். நான்காவது கட்டத்தையும் ஐந்தாவது கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வலி வந்து இரண்டு வாரத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் குணம். மூன்று மாதம், நான்கு மாதம் என்றவர்களில் பாதிப்பேர் குறைவு. ஒரு வருடத்துக்கு மேல் என்றவர்களில் குணம் என்ற சொல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சிவப்பு மையில் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் அதைப் பிரதி எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "ஜில்லாவுக்குப் போகும் அறிக்கையில் இதைச் சேர்க்கலாம். அடுத்த வருடத்துக்கும் எழுதி வை" என்றார். அவர் பாராட்டி நான் கேட்டது அதற்கு முன் இல்லை.

அன்று முதல் நானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்குள் வந்தவளுக்குக் கட்டில், சுடு ஒத்தடம், இடுப்பில் பிளாஸ்திரி, அதன்மேல் ஃபிளானல் கட்டு. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஒரு சின்னப் புட்டி தேய்ப்பு மருந்தும், பாரம் தூக்காதே என்ற புத்திமதியும். இருப்பது ஆறு கட்டில், பலன் கிடைக்கிறவளுக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்று எனக்குள் வாதம் சொல்லிக்கொண்டேன். புட்டியோடு போனவர்கள் திரும்பி வரவில்லை. வராதவர்களுக்கு நேரே "விலகினார்" என்று எழுதினேன். அப்படி எழுத எழுத என் பட்டியல் இன்னும் உண்மையாகிக்கொண்டே வந்தது. இதைக் கவனியுங்கள். நான் அப்போது கவனிக்கவில்லை.

முத்தம்மாவை உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கம்பு ஊன்றி வருகிறாளே, வலது பாதத்தைச் சற்று இழுத்து நடப்பவள், அவள்தான். அப்போது அவள் கம்பு ஊன்றவில்லை. மம்சாபுரத்துக்காரி. மேற்கே மலையடிவாரத்தில் விறகு பொறுக்கிக் கட்டித் தலையில் சுமந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் விற்பாள். நம் அடுப்புக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் விறகுதான். நான் பதிவேடு எழுதும் மேசைக்கு நேரே ஜன்னல்; ஜன்னலுக்கு வெளியே முற்றம்; முற்றத்தில் புங்கமரம். அந்த மரத்தடியில்தான் அவள் சுமையை இறக்குவாள்.

ஒரு தடவை நாலைந்து நாளாக விறகு வரவில்லை. பிறகு ஒரு காலையில் அவள் மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, வெறுந்தலையோடு வந்து நின்றாள். நம் மைமூன் அக்கா, அவர் அப்போதும் இங்கே ஆயாவாகத்தான் இருந்தார், பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏட்டி, விறகு கொண்டாருவேன்னு பாத்தா நீயே விறகு மாதிரி வந்து நிக்கே!"

"நின்னுட்டுப் போறேன். என்னைத் தூக்கி அடுப்புல வச்சிராத ஆத்தா."

நான் மேசையிலிருந்து எழாமலே கேட்டேன். "எப்போதிருந்து வலி, முத்தம்மா?"

"நாலு நாளா தாயி. கெடையாக் கெடந்தேன். இன்னைக்குத்தான் எந்திரிச்சு வாரேன்."

"நாலே நாள்தானா?"

"அம்புட்டுத்தான்."

நான்காவது கட்டத்தில் "4 நாள்" என்று எழுதினேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பட்டியலின் நல்ல பக்கத்துக்கு ஒருத்தி கிடைத்தாள். கட்டிலும் காலியாக இருந்தது. "பத்தே நாள். பதினோராம் நாள் நீ சுமை தூக்கலாம்" என்றேன்.

அவள் அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். "பத்துன்னா பத்துதானே? ஏன்னா என் வாடிக்கை வீட்டையெல்லாம் என் மதினிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். எம்புட்டு நாளுன்னு கேட்டா. வீட்டுல மாமியா வேற கேட்டுக்கிட்டே இருக்காக. பத்து நாளுன்னு சொல்லிவிடவா?"

"சொல்லிவிடு."

பத்து நாளும் ஒத்தடம் கொடுத்தோம், பிளாஸ்திரி மாற்றினோம். எழுந்து நடக்கச் சொன்னால் புங்கமரம் வரை போய் வருவாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நடப்பாள். அவள் உதட்டை நான் பார்க்கவில்லை, தூரத்தைப் பார்த்தேன்.

பத்தாம் நாள் காலையில் வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு வண்டி வந்தது. தலைப்பிரசவம், இரண்டு நாளாக வலி எடுத்தும் பிள்ளை வரவில்லை. சின்னப் பெண். வண்டியிலேயே கத்திக்கொண்டிருந்தாள். ஆறு கட்டிலும் நிறைந்திருந்தன. டாக்டரம்மா ராஜபாளையத்தில். ஆள் அனுப்பிவிட்டு, யாரை எழுப்புவது என்று பார்த்தேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல், இரண்டு பேர் பிள்ளை பெற்று மூன்று நாள்கூட ஆகாதவர்கள், ஒருத்திக்குக் காலில் கட்டி அறுத்திருந்தது. ஆறாவது முத்தம்மா.

"எப்படி இருக்கு முத்தம்மா?"

"நீங்கதான் தாயி சொல்லணும்."

"வலி இருக்கிறதா?"

"கொஞ்சம் உண்டு." வண்டிப் பக்கம் பார்த்தாள். "அது கெடக்கட்டும். பாவம், அந்தப் பிள்ளையப் பாருங்க."

அவளே பாயைச் சுருட்டிவிட்டாள். நான் நின்றபடியே பதிவேட்டைத் திறந்தேன். மூன்று சொற்கள். "குறைவு" என்று எழுதியிருக்கலாம். அதுவும் ஒரே சொல்தான், எழுத அதே நேரம்தான் ஆகும். ஆனால் இரண்டு வாரத்துக்குள் வந்தவர்கள் வரிசையில் அதுவரை ஒரு "குறைவு"கூட இல்லை. அந்த வரிசையில் ஒரு கறை விழுவது எனக்குப் பிடிக்கவில்லை. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வெட்கப்படுகிறேன். அவசரத்தில் கை தவறி எழுதியது என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்கு அரை நொடி இருந்தது, அந்த அரை நொடியில் நான் அவள் இடுப்பை நினைக்கவில்லை, என் பட்டியலை நினைத்தேன்.

"எழுதியாச்சா தாயி?"

"ஆச்சு."

"என்னன்னு?"

"குணம்னு."

"அப்போ சுமை எடுக்கலாமா?"

"எடுக்கலாம். பார்த்து எடு."

பார்த்து எடு என்று நாம் எப்போது சொல்லுவோம்? நமக்கே நிச்சயமில்லாதபோதுதான். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தச் சின்னப் பெண்ணும் பிள்ளையும் பிழைத்தார்கள். கட்டிலைக் காலி செய்தது தவறில்லை. மறுபடி அப்படி ஒரு காலை வந்தாலும் நான் முத்தம்மாவைத்தான் எழுப்புவேன். எழுதிய சொல்தான் தவறு.

மூன்றாம் நாள் மாலை அவளை நான்கு விறகுக்காரிகள் சேலையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முழுச்சுமையோடு ஓடை இறக்கத்தில் விழுந்திருந்தாள். வலது காலின் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நல்லவேளையாக டாக்டரம்மா இருந்தார்.

"இடுப்புவலி எத்தனை நாளாக?" என்று என்னைக் கேட்டார்.

பதிவேட்டைக் காட்டினேன். நாலு நாள், பத்து நாள் சிகிச்சை, குணம்.

அவர் அளவு நாடாவை எடுத்தார். முத்தம்மாவின் இடது கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார். பிறகு வலது. பிறகு நாடாவை என் கையில் கொடுத்து என்னையும் அளக்கச் சொன்னார். வலது கால் ஒரு விரல் அகலத்துக்குமேல் மெலிந்திருந்தது.

"இரண்டு வாரத்தில் கால் இப்படி மெலியுமா?" என்றார்.

மெலியாது. எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த நாடா பத்து நாளும் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

வாசலில் நின்ற மைமூன் அக்காதான் பேசினார். "என்னத்துக்கு டாக்டரம்மா நாடா? ரெண்டு வருசமா இவ அந்தப் புங்கமரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தானே சுமை எறக்குதா. மத்தவளுக நின்னமேனிக்குத் தொப்புனு போடுவாளுக. இவ ஒரு கையால மரத்தைப் பிடிச்சு, ஒரு முட்டியை மடக்கி, பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி எறக்குவா." பிறகு என்னைப் பார்த்து, குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல் கேட்டார். "ஏன் நர்சம்மா, நீங்க ஜன்னல் வழியாத் தெனம் பாப்பீகளே?"

பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம், ஒருநாள் விட்டு ஒருநாள், எழுதுவதை நிறுத்தி நிமிரும்போதெல்லாம். அது அவளுடைய பாணி என்று நினைத்திருந்தேன். அழகாக இறக்குகிறாள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

டாக்டரம்மா முத்தம்மாவிடம் குனிந்து, "ஏனம்மா நாலு நாள் என்று சொன்னாய்?" என்றார்.

முத்தம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நாலு நாளாத்தானே கெடந்தேன்? அதுக்கு முன்னால வேலைக்குப் போய்க்கிட்டுத்தானே இருந்தேன். படுத்தாத்தானே தாயி வலி. நடமாடிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு வேலை."

டாக்டரம்மா பதிவேட்டை மூடி என் மேசையில் வைத்தார். குணம் என்று எழுதியது யார் என்று கேட்கவில்லை. கையெழுத்து அவருக்குத் தெரியும். அன்று திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வருட அறிக்கையில் என் பட்டியல் போகவில்லை. அதைப்பற்றி அவர் பேசவுமில்லை.

அதற்குப் பிறகு என் பட்டியலில் இருந்தவர்களில் கண்டுபிடிக்க முடிந்தவர்களை மறுபடி போய்க் கேட்டேன். யாரையும் "எத்தனை நாளாக வலி" என்று கேட்கவில்லை. "கடைசியாக எப்போது வலி இல்லாமல் குனிந்து எழுந்தாய்" என்று கேட்டேன். கூலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் யோசித்தார்கள். ஒருத்தி தன் மூத்த மகன் பிறந்த வருடத்துக்குப் போனாள். ஒருத்தி, "தேரு மழையில சிக்கி நின்னுச்சே, அந்த ஆடிக்கு முன்னால" என்றாள். பதிவேட்டில் அவளுக்கு நேரே நான் எழுதியிருந்தது "6 நாள்". நாலும் ஆறும் பத்துமாக நான் எழுதியவற்றில் பல, வலி வந்த நாளல்ல. வேலை நின்ற நாள். அவர்களில் சிலரிடம் "குணமாகித்தானே போனாய்" என்று கேட்டேன். "நீங்க சொன்னீகளேன்னு போனேன்" என்றார்கள்.

உண்மையிலேயே புது வலியோடு வந்தவர்கள் யார் என்று பார்த்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை நம் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின்மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் படியேறிவிட்டு மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அப்புறம், முதல் சுளுக்கிலேயே வண்டி கட்டி வரக்கூடிய வசதியான வீட்டுப் பெண்கள். ராஜபாளையத்தில் அப்படி ஒரு அம்மாள், நிலபுலமுள்ள பெரிய சம்சாரி வீடு. தெலுங்கு பேசும் வீடு. காலையில் பிடித்தது என்று மத்தியானமே இங்கே வந்து, ஒரு வாரத்தில் பூரண குணம் அடைந்தவர். என் பட்டியலின் முதல் பெயர் அவருடையது. வீட்டுக்குப் போனபோது தொழுவத்தில் நின்றிருந்தார்.

"ஏமம்மா, இதைக் கேக்கவா இம்புட்டு தூரம் வந்தே? இடுப்பு நல்லாத்தான் இருக்கு."

"நான் கொடுத்த மருந்தை எத்தனை நாள் தேய்த்தீர்கள்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "உங்கிட்டச் சொன்னா என்ன! அதோட வாடை எனக்கு ஒத்துக்கலை. அந்தா நிக்குதே செவலைக்காளை, அதுக்குத் தோள்பட்டை வீங்கியிருந்தது. அதுக்குத் தேச்சு விட்டேன். அதுக்கும் சரியாப் போச்சு, எனக்கும் சரியாப் போச்சு."

"பிளாஸ்திரி?"

"அரிச்சுது. அன்னைக்கே பிச்சு எறிஞ்சுட்டேன்."

காளை என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. திரும்பி வரும் வண்டியில் எனக்கு முகத்தைத் தூக்கி உட்கார முடியவில்லை. புது வலி பெரும்பாலும் தானாகவே போய்விடும். நாம் செய்வது அது போகும்வரை துணை இருப்பது. அந்த அம்மாளுக்கு நேரே நான் எழுதிய "குணம்" அவர் உடம்பு செய்த வேலை. அதை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். அதே கையால்தான், பழைய வலியோடு வந்தவர்களை ஒரு புட்டியோடு அனுப்பினேன். நம் உதவி உண்மையாகவே வேண்டியிருந்தது அவர்களுக்குத்தான்.

எத்தனை நாளாக என்பது முக்கியமில்லை என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். மிகவும் முக்கியம். வலி பழையதாகப் பழையதாகச் சிகிச்சை மெதுவாகத்தான் பிடிக்கும், முழுதாகப் போகாமலும் இருக்கும். அதனால்தான் அந்தக் கட்டத்தைப் பொய்யாக நிரப்பக் கூடாது. நாலு நாள் வலிக்குப் பத்து நாள் வாக்குக் கொடுக்கலாம். இரண்டு வருட வலிக்கு அந்த வாக்கு கொடுத்தால், அது சிகிச்சையல்ல, தண்டனை.

முத்தம்மாவோடு மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை நான் நாளை எண்ணவில்லை, அவள் நடக்கிற தூரத்தை எண்ணினேன். முதலில் கட்டிலிலிருந்து வாசல். ஒரு மாதம் கழித்துப் புங்கமரம். பிறகு தெருமுனை. எட்டாம் மாதம் தேரடி வரை போய் அங்கே செத்த நேரம் உட்கார்ந்து திரும்பினாள். பாதம் பாதிதான் திரும்பிவந்தது. தலைச்சுமை இனி இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மதினி சுமந்து வருகிற விறகை இவள் சந்தையில் உட்கார்ந்து விற்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை என்னால் கொஞ்சம் நிமிர்ந்தே எழுத முடியும்.

இரண்டாம் தடவை சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே, "வீட்டிலிருந்து யாரும் பார்க்க வரவில்லையே?" என்று கேட்டேன்.

"வரமாட்டாக." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் வேணும்னே விழுந்தேனாம்."

"யார் சொன்னது?"

"மாமியா. அவியளும் அதைத்தான் நம்புதாக." புருசனைச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில குணம்னு எழுதித்தானே அனுப்புனாக, பத்து நாள் கட்டில்ல படுத்துத் தின்ன ருசி விடலை, சுமை தூக்க மடி பிடிச்சு ஓடையில விழுந்துட்டான்னு ஊரெல்லாம் பேச்சு. எழுதுனது பொய்யா இருக்குமாக்கும்னு கேக்காக. நான் என்ன சொல்ல?" பிறகு, "ஒருவேளை குணந்தானோ, நாந்தான் சரியா நடக்கலையோன்னு எனக்கே தோணுச்சு தாயி" என்றாள்.

அன்று மாலையே நான் மம்சாபுரம் போயிருக்க வேண்டும். போய், எழுதியது தவறு, தவறு என்னுடையது என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் போகவில்லை. காரணங்கள் வைத்திருந்தேன். ஒன்று, வார்டை விட்டுப் போக முடியாது. இரண்டு, தனியாக ஒரு நர்ஸ் அந்த ஊருக்குப் போய் ஒரு வீட்டு விஷயத்தில் பேசுவது முறையல்ல. மூன்று, மருந்தகம் எழுதியதையே தவறு என்று நாமே சொன்னால் நாளைக்கு யார் நம்மை நம்புவார்கள். நான்கு, அவள் நடக்க ஆரம்பித்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள். நான்கும் உண்மைதான். நான் போகாததற்கு அவற்றில் ஒன்றுகூடக் காரணமில்லை.

பதினாலு மாதம் கழித்துப் போனேன். கல்யாணம் நிச்சயமான பிறகு, ஊரை விட்டுப் போகிறோம் என்ற தைரியத்தில். மைமூன் அக்காவும் கூட வந்தார். முத்தம்மாவின் மாமியார் முற்றத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்தார். புருசன் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முத்தம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நின்றபடியே சொன்னேன். அவளுக்கு இரண்டு வருடமாக வலி இருந்தது, நான் சரியாகக் கேட்கவில்லை, குணமாகாமலே குணம் என்று எழுதி, சுமை தூக்கலாம் என்றும் நானே சொல்லி அனுப்பினேன், அவள் வேண்டுமென்று விழவில்லை.

மாமியார் மிளகாயிலிருந்து கையை எடுக்கவில்லை. "யாரு சொல்லிக்கொடுத்து வந்திருக்கீக?"

"யாரும் சொல்லவில்லை. நானே எழுதினது, நானே சொல்கிறேன்."

"எழுதுன அன்னைக்கு நெசம், இன்னைக்குப் பொய்யா? வருசத்துக்கு மேல ஆச்சு. இவ வெள்ளி தவறாம உங்ககிட்டத்தான் வந்து உக்காந்திருக்கா. பழகிட்டீக, பரிஞ்சு பேசுதீக. போங்க நர்சம்மா, வெயிலு ஏறுது."

மைமூன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒரு படிச்ச பிள்ளை வாசல்ல வந்து தப்பு என்னுதுன்னு நிக்கு. அதுக்குமேல என்ன வேணும் உங்களுக்கு, மேளமா?"

புருசன்தான் எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். உள்வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கே முத்தம்மாவின் சேலை நுனி தெரிந்தது.

"இதை அப்பமே வந்து சொல்லியிருக்கலாம்லா நர்சம்மா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் என்னவெல்லாமோ பேசிட்டேனே அவள."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த "அப்பமே" என் காதிலேயே இருந்தது. மறுவாரம் முத்தம்மாவிடம் வீட்டில் எப்படி என்று கேட்டேன். "அவிய பேச்சைக் கொறைச்சிருக்காக" என்றாள். "மாமியா அப்படியேதான்."

முத்தம்மாவின் பெயர் இருக்கும் பக்கத்தை நீங்கள் ஒருதடவை திறந்து பாருங்கள். பச்சை அட்டைப் பதிவேடு, நடுவில் ஒரு நூல் வைத்திருக்கிறேன். சுரண்டி அழிக்க நினைத்தேன், கத்திகூட எடுத்தேன். பிறகு, கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். "4 நாள்" என்பதற்கு மேலே "இரண்டு வருடமும் 4 நாளும்" என்று எழுதியிருக்கிறேன். "குணம்" என்பதற்கு மேலே "குணமில்லை" என்று எழுதி, என் பெயரையும் போட்டிருக்கிறேன். நமக்கு அனுமதித்த மூன்று சொற்களில் அது கிடையாது. யாராவது மேலிடத்திலிருந்து கேட்டால், எழுதியவள் கொழும்பில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை முத்தம்மா வருவாள். சந்தையிலிருந்து நமக்காக ஒரு சின்னக் கட்டு விறகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வருவாள்; வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். "நல்லாருக்கேன் தாயி" என்பாள். அதை எழுதிவிடாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். விறகை இறக்கும்போது அவள் கை புங்கமரத்தைத் தேடுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.